நூற்று நாற்பது பண்ணைகளும் ஒரு வரியும்

ரஸ்ஸல் கெல்ஸ்டாட் இருபது வருடம் பால் மாதிரி எடுக்கும் வண்டி ஓட்டினார். அமெரிக்காவின் மேற்கு விஸ்கான்சினில் பண்ணை பண்ணையாகப் போய், மாட்டுக்கு ஒரு குப்பி. முதுகு போனதும் பால் பரிசோதனைச் சங்கத்தின் அலுவலகத்தில் உட்காரவைத்தார்கள். நாற்பத்தாறு வயதில் புத்தகம் வாங்கி, தானே படித்து, ப்ரோகிராம் எழுதக் கற்றுக்கொண்டார். இந்தப் பிப்ரவரியில் இறந்துபோனார். அவர் எழுதியதில் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை, இந்த ஒரு வரியைத் தவிர.

அலுவலகத்தில் பெர்னடீன் ஷிமெக்குக்கு இருபத்தாறு வருட வேலை. திங்கள் காலையில் ரஸ்ஸல் செய்துகொடுத்த விண்டோவில் ஒரு பட்டனை அழுத்துவார். உள்ளே ஒரு குட்டி ப்ரோகிராம் ஓடி, எந்தப் பண்ணையில் எந்தப் பசுவுக்கு மடிநோய் என்று அறிக்கை தயார் செய்யும். அதற்குப் பதினோரு நிமிடம். அதுவரை விண்டோ வெளுத்து, மேலே 'பதில் இல்லை' என்று காட்டும். செத்துவிட்டது என்று நினைத்து பெர்னடீன் அதை மூடிவிடுவார். மறுபடி திறந்தால் அறிக்கைகள் இருக்கும், அனுப்பிவிடுவார். கணக்கு பாதியில் நின்றதால், பெயர் வரிசையில் கடைசியில் இருந்தவர்களுக்குப் போனதெல்லாம் பழைய அறிக்கை. அப்படித்தான் வெட்ஸ்டைன் பண்ணையில் ஒரு பசுவின் நோய் தெரியாமல் அதன் பாலும் கலந்துபோய், ஒரு தொட்டிப் பாலைத் தரையில் கொட்டினார்கள்.

"பெர்னடீனுக்கு அறுபத்துமூணு வயசு, ரஸ்ஸல்," என்றார் மேலாளர் க்ளென் ஹவ்லிக். "கம்ப்யூட்டர் அவங்களுக்கு ஒத்துவரல. வர்ற திங்கக்கிழமை நானே பக்கத்துல உட்காந்து பாக்கறேன். மறுபடி மூடினாங்கன்னா, அந்த மேஜைக்கு வேற ஆள்."

பெர்னடீனின் கணவர் படுத்த படுக்கை. மருத்துவக் காப்பீடு அந்த மேஜையோடு வந்தது.

ரஸ்ஸல் விண்டோவின் அடியில் ஒரு வரி சேர்த்தார்: இப்போது எந்தப் பண்ணையின் கணக்கு ஓடுகிறது என்று அது சொல்லும். தன் மேஜையில் ஓட்டிப் பார்த்தார். நன்றாக இருந்தது. வியாழக்கிழமை தன் மேஜையில் ஒருமுறை ஓட்டிப் பார்த்த பெர்னடீன் அவரைக் கூப்பிட்டார்.

"உன் வரி எங்கப்பா? மூஞ்சி வெளுத்துக் கிடக்கு, உன்னைவிட மோசமா."

"மூடிடாதீங்க பெர்னி."

"மூடல. கையை மடக்கி அதுமேலயே உட்காந்திருக்கேன்."

பதினோராவது நிமிடம் கடைசிப் பண்ணையின் பெயர் மட்டும் சட்டென்று வந்தது. கூடவே 'முடிந்தது'.

சாயங்காலம் ரஸ்ஸல் மினியாபொலிஸில் இருந்த மகள் மாரெனுக்கு போன் செய்தார். அவளுக்கும் இதுதான் தொழில்.

"எத்தனை பண்ணையை வெச்சு சோதிச்ச?"

"மூணு."

"அங்க எத்தனை இருக்கு?"

"நூத்தி நாப்பது."

மாரென் சிரித்தாள். "அப்பா, கணக்குப் போடறதும் விண்டோவை வரையறதும் ஒரே ஆளு. அவன் கணக்குல தலையை விட்டுட்டா வரையறது யாரு? நீ வரியை மாத்துன்னு சொல்ற, அவன் தலையைத் தூக்கினாத்தானே கேக்கும்? உன்னை மாதிரியே செஞ்சு வெச்சிருக்க. கார் அடியில படுத்துக்கிட்டு, 'உசிரோட இருக்கியா'ன்னு அம்மா கத்தினாக்கூட பதில் சொல்லமாட்டியே."

"சத்தம் கேட்டுச்சே. ஸ்பேனர் சத்தம்."

"அது பதில் இல்லப்பா."

சனி, ஞாயிறு இரண்டு நாளும் உட்கார்ந்து வேலையை இரண்டு ஆளுக்குப் பிரித்தார். ஒருவன் கணக்குப் போடுவான். ஒவ்வொரு பண்ணையைத் தொடும்போதும் பெயரை வெளியே நீட்டுவான். மற்றவன் அதை வாங்கி எழுதுவதோடு சரி. இந்த முறை நூற்று நாற்பதையும் வைத்து ஓட்டினார்.

திங்கட்கிழமை க்ளென் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ரஸ்ஸல் பின்னால் நின்றார். பெர்னடீன் பட்டனை அழுத்தினார். வரி நகர்ந்தது. பெர்னடீன் ஒவ்வொரு பெயராகப் படித்தார்.

"ஆல்பிரெக்ட். மருமக முழுகாம இருக்கா. பாம்கார்ட். இவன் மாட்டைவிட நாயைத்தான் நல்லா வெச்சிருக்கான்."

ஆறாவது நிமிடம் வரி நின்றது. 'கோல்பெ பண்ணை'. அரை நிமிடம் போயிற்று. நகரவில்லை.

"நின்னுபோச்சு," என்று க்ளென் மவுஸை எட்டினார். "மூடிட்டு முதல்லேர்ந்து போடுங்க."

பெர்னடீன் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "கோல்பெகிட்ட நானூறு மாடு, க்ளென். பொறு."

க்ளென் கையை விடுவித்துக்கொள்ளவில்லை. மூவரும் அந்த ஒரு பெயரையே பார்த்தார்கள். பிறகு வரி மாறியது: 'க்ராமர் பண்ணை'. கடைசியில் வெட்ஸ்டைனும் வந்தது. அதற்கும் பின்னால் நான்கு பேர்.

"சரி," என்று க்ளென் எழுந்தார்.

"போன தடவையும் அவங்க தப்பில்ல," என்றார் ரஸ்ஸல். "இந்த விண்டோவையே நான் மூணு பண்ணையை வெச்சுத்தான் சோதிச்சுக் குடுத்தேன். வெட்ஸ்டைன்கிட்ட நானே போய்ச் சொல்றேன்."

மதியமே போனார். பெர்னடீன் இன்னும் ஐந்து வருடம் அந்த மேஜையில் இருந்தார்.