வாய்க்கால் முகத்து வண்டல்

காலை ஆறரை. கோயமுத்தூர் ஜங்ஷனில் இறங்கியதும் உதட்டை நாவால் தடவிப் பார்த்தேன். உப்பு இல்லை. நாகப்பட்டினத்துக்காரனுக்கு ஊர் மாறியது முதலில் அங்கேதான் தெரியும். மேற்கே மலை இன்னும் நீலம் கலையாமல் நின்றது. பஞ்சாலைச் சங்குகள் ஒன்றுக்கொன்று பதில் சொல்வதுபோல ஊதின. வேலைக்குப் போகும் சைக்கிள்கள் சாலையை அடைத்துக்கொண்டு ஓடின. அறுபத்து மூன்றாம் வருஷத்துச் சித்திரை. வெயில் அப்போதே சட்டைக்குள் நுழையத் தொடங்கியிருந்தது.

என்னை இழுத்துக்கொண்டு வந்தவர் என் தங்கையின் கணவர் சுந்தரம். கல்லூரியில் ரசாயனம் சொல்லிக்கொடுப்பவர். இரண்டு வருஷமாக எங்கள் கரையோரம் கட்டுமரக்காரர்களைக் கெஞ்சிக் கடலடிச் சேற்றை எடுத்துவந்து காய்ச்சிப் பார்க்கிறார். ஆறு வந்து விழும் இடத்துச் சேற்றில் செம்பும் துத்தநாகமும் தூக்கலாக இருக்கின்றன. "கடல் செம்பு காய்ச்சுவதில்லை, மச்சான். மேலேயிருந்து யாரோ கொடுத்தனுப்புகிறார்கள்" என்பது அவர் வாதம். காவிரிக்குத் தண்ணீர் கொடுக்கும் ஆறுகளில் ஒன்றான நொய்யலைப் பிடித்து மேலே ஏறிப் பார்த்துவிடுவது என்று கிளம்பிவிட்டோம். எனக்குக் காரணம் தேவையில்லை. ரயில் இருந்தால் போதும்.

எட்டு மணிக்கு சூலூர் பஸ். பன்னிரண்டு மைல், ஐம்பது நயா பைசா. மடியில் வைத்திருந்த பை ஒவ்வொரு குழிக்கும் கலகலத்தது. கண்டக்டர் டிக்கெட்டைக் கிழிப்பதை நிறுத்திவிட்டுக் குனிந்தார்.

"ஏனுங்க, பாட்டல் சத்தமாட்ட இருக்குது? மதுவிலக்குங்க!"

"காலி பாட்டில்தான்" என்றார் சுந்தரம்.

"போறப்ப காலி. வாரப்ப?"

"வரும்போது சேறு இருக்கும்."

கண்டக்டர் பஸ் முழுக்கக் கேட்கும்படி, "சேத்துக்கு மெட்ராஸ் சர்க்கார்ல தடை இல்லீங்க, நல்லா கொண்டு போங்க!" என்றார். பின் ஸீட்டுக் கிழவர் ஒருவர் சூலூர் வரும்வரை எங்களைத் திரும்பித் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்.

சூலூரிலிருந்து கிழக்கே மூன்று மைல் நடை. சோளத்தட்டுப் போர்களும் கிணற்று மோட்டார்ச் சத்தமும் வழி நெடுக. சுந்தரத்தோடு விடுதியில் தங்கிப் படித்து, பாதியில் தோட்டத்துக்குத் திரும்பிவிட்ட வெங்கடசாமி எங்களுக்காகக் காத்திருந்தார். வீட்டுக்குள் அவர்கள் பேசுவது தெலுங்கு. வாசல் தாண்டினால் கொங்குத் தமிழ். ஊர்ப் பெயரை எழுத வேண்டாம் என்று பிறகு கேட்டுக்கொண்டார். எழுதவில்லை.

பத்து மணி. ராகிக்களியும் கீரைக் கடைசலும் உண்டபடி அந்த ஊர் வழக்கம் ஒன்றைத் தெரிந்துகொண்டேன். கோடையில் குளம் வற்றியதும் அடியில் படிந்த வண்டலை வெட்டித் தோட்டங்களுக்கு ஓட்டுவார்கள். அந்த வண்டலிலும் உயர்வு தாழ்வு உண்டு. ஆற்றிலிருந்து வரும் வாய்க்கால் குளத்துக்குள் நுழைகிற முகத்தில் படிந்ததுதான் கொழுத்த மண் என்று கணக்கு. ஆகவே முகத்து வண்டலை முதலில் வெட்டும் உரிமை ஒரு மரியாதை. யாருக்கு என்பதை ஊர் கூடிச் சொல்லும். இந்த வருஷம் மாராத்தாள் என்ற பெண்ணுக்கு. தை மாதம் கணவரைப் பறிகொடுத்துவிட்டு இரண்டு ஏக்கர் தோட்டத்தைத் தனியாகக் கட்டிக் காத்துக்கொண்டிருக்கிறார். வைகாசியில் மஞ்சள் நட வேண்டும். அவர் பெயரை முன்மொழிந்ததே வெங்கடசாமிதான்.

மூன்று மணிக்குக் குளத்தில் இறங்கினோம். வெடித்துப் பாளம் பாளமாகக் கிடந்த தரை காலடியில் ஓடு ஓடாக உடைந்தது. வாய்க்கால் முகத்தில் மட்டும் ஈரம். மூன்று வண்டிகள் பாரம் ஏற்றி நின்றன. மாட்டைத் தடவிக்கொண்டிருந்த மாராத்தாள் எங்களை ஏற இறங்கப் பார்த்தார்.

"சேறு பாக்கறதுக்கா ரயிலேறி வந்தீங்க? உங்கூர்ல தீந்து போச்சுங்களா?"

"எங்க ஊர்ச் சேறு கடலுக்கு அடியில் கிடக்கிறது, அம்மா" என்றேன்.

"அதெப்புடிங்க வண்டில ஏத்துவீங்க?" என்று கேட்டுவிட்டு அவரே சிரித்தார்.

வெங்கடசாமி ஒரு கட்டியை உடைத்துக் காட்டினார். கறுப்புக்குள் பாசியைப் போலப் பச்சை மினுங்கியது. "பாருங்க, பச்சை பாஞ்சிருக்குது. அத்தனையும் சத்துங்க."

சுந்தரம் சிரிக்கவில்லை. கட்டியை முகர்ந்தார். பையிலிருந்து ஒரு கண்ணாடிக் குவளையை எடுத்து, மண்ணைப் போட்டு, சிறிய பாட்டிலிலிருந்து அமிலத்தை ஊற்றிக் கலக்கினார். வண்டிக்காரரிடம் ஒரு லாட ஆணியைக் கேட்டு வாங்கி, மணலில் பளபளவென்று தேய்த்து, அதற்குள் போட்டார். வண்டிக்காரர்களும் மண் வெட்டுகிறவர்களும் சுற்றிக் குந்தினார்கள். ஒரு பீடி எரிந்து முடிகிற நேரம். வெளியே எடுத்தபோது இரும்பு ஆணி புதுச் செப்புக்காசு நிறத்தில் சிவந்திருந்தது.

"இந்த மண்ணில் செம்பு இருக்கிறது" என்றார் சுந்தரம். "தோட்டத்தில் கொட்டினால் வேரைச் சுடும். ஒருமுறை உழவோடு கலந்துவிட்டால் பிறகு பிரித்தெடுக்க முடியாது."

எல்லாக் கண்களும் வாய்க்காலின் மேற்குப் பக்கம் போய்த் திரும்பின. அரை மைல் மேலே, வாய்க்கால் கரையில், வெங்கடசாமியின் தம்பி கோவிந்தசாமியின் முலாம் பட்டறை இருந்தது. சைக்கிள் கைப்பிடிக்கும் பம்புக் குழாய்க்கும் அடியில் செம்பு பூசிப் பளபளப்பு ஏற்றுகிற இடம். கழுவிய நீர் முழுவதும் வாய்க்காலில்.

"ஆத்து மண்ணுன்னா கொஞ்ச செம்பு இருக்காதுங்களா?" என்றார் வெங்கடசாமி. குரலில் விவாதத்தைவிட வேண்டுகோள் அதிகமாக இருந்தது.

"ஆணி சிவக்கிற அளவுக்கு இராது."

மாராத்தாள் மாட்டை விட்டு முன்னால் வந்தார். "ஏனுங்ணா, போன வருசம் மொத மண்ணு உங்க தோட்டத்துக்குத்தானுங்களே போச்சு. அந்தக் கத்திரிக்காய் என்னாச்சுங்க?"

வெங்கடசாமி துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். துடைக்க வியர்வை இருந்தது. அதைவிட அதிக நேரம் துடைத்தார்.

"எலையெல்லாம் மஞ்சளடிச்சுக் கருகிப் போச்சு அம்மணி. பூச்சின்னு நெனச்சுபோட்டேன். மருந்தடிச்சேன்."

"பூச்சி பட்டறைல இருக்குதுங்க" என்றார் ஒரு வண்டிக்காரர். யாரோ சிரித்து, உடனே அடக்கிக்கொண்டார்.

வெங்கடசாமியை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஊர் முன்னால் தம்பியைக் காட்டிக்கொடுப்பதா, தன் வாயால் கொடுத்த மரியாதை ஒரு பெண்ணின் தோட்டத்தைக் கெடுக்கட்டும் என்று விடுவதா? துண்டை உதறித் தோளில் போட்டார்.

"தோட்டத்துல கொட்டீராதீங்க. எறக்கிப்போடுங்கப்பா. இங்கயே இருக்கட்டும்."

"அதெப்புடிங்க?" மாராத்தாள் விடவில்லை. "இங்க எறக்குனா மழைக்கு மறுக்கா கொளத்துலதான் கரையும். அடுத்த வருசம் இன்னொருத்திக்கு மரியாதை பண்ணுவீங்களா? மண்ணு யாரோடதோ அவங்க ஊட்டுலயே கொண்டுபோய் சேத்துப்போடலாம். மாடு பூட்டியாச்சு. வாங்க ஒட்டுக்கா போலாம்."

பதிலுக்குக் காத்திராமல் முதல் வண்டியின் நுகத்தடியைப் பிடித்து மேற்கே திருப்பினார். வெங்கடசாமி ஒரு கணம் நின்றார். பிறகு விடுவிடுவென்று நடந்து வண்டிகளுக்கு முன்னால் போனார். கடைசிவரை முன்னால்தான் நடந்தார்.

ஐந்து மணி. பட்டறை வாசல். ஓட்டுக் கூரையின் கீழே தொட்டிகளில் நீலமும் பச்சையுமாக நீர். மூக்கைக் குத்தும் நெடி. சக்கர விளிம்புகள் வரிசையாகத் தொங்கிச் சாயங்கால வெயிலைத் துண்டு துண்டாக்கிச் சுவரில் எறிந்தன. அழகாகத்தான் இருந்தது, மறைப்பானேன்.

கோவிந்தசாமி கையைத் துடைத்தபடி வந்தார். "என்னங்ணா, மண்ணு வண்டி இங்க?"

"உங்க சொத்துங்க" என்றார் மாராத்தாள். "பத்தரமா கொண்டாந்துட்டோம்."

கோவிந்தசாமிக்கு முகம் சிவந்தது. "கொளத்து மண்ணுக்கும் எனக்கும் என்னுங்க சம்பந்தம்? ஆத்துல சாயத்தண்ணி வருது, ஊர் அழுக்கு வருது. எல்லாம் உட்டுப்போட்டு என்ர பட்டறைதான் கெடச்சுதா?"

சுந்தரம் வாயைத் திறக்கும் முன் வெங்கடசாமி அந்த ஆணியைத் தம்பியிடம் நீட்டினார். "இதப் பாரு."

கோவிந்தசாமி வாங்கினார். வெளிச்சத்தில் உருட்டிப் பார்த்தார். கட்டைவிரல் நகத்தால் சுரண்டினார். "செப்பு முலாம். சொமாராத்தான் புடிச்சிருக்குது. எந்தப் பட்டறைல போட்டது?"

கேட்ட பிறகுதான் அண்ணனின் முகத்தைப் பார்த்தார்.

"கொளத்துல" என்றார் வெங்கடசாமி. "அம்மணிக்குக் குடுத்த மண்ணுல."

கோவிந்தசாமி ஆணியைத் திருப்பிக் கொடுக்கவில்லை. மறுபடி ஒரு முறை சுரண்டினார். வேறெதையும் அவர் தவறாக மதிப்பிட்டிருக்கலாம்; தன் தொழிலில் முடியாது. வாய்க்காலைப் பார்த்துவிட்டு, பட்டறைக்குப் பின்னால் கையைக் காட்டினார்.

"அங்க கொட்டுங்க. குழி வெட்டச் சொல்றேன்."

"வெறும் குழி போதாது" என்றார் சுந்தரம். "காரை பூச வேண்டும். கழுவுகிற நீரும் அதற்குள்தான் போக வேண்டும். சுண்ணாம்பு போட்டால் செம்பு அடியில் தங்கிவிடும். அந்த அடிமண்ணும் குளத்துக்குப் போகக் கூடாது."

"எல்லாம் என்ர தலைலயா?"

"பின்ன என்ர தோட்டத்துலயாங்க?" என்றார் மாராத்தாள். வண்டிகளைப் பின்பக்கம் சாய்த்தார்கள். மண் சரிந்த சத்தத்துக்கு நடுவே வாய்க்கால் மடைப் பலகையை அடைக்கும்படி ஆளை அனுப்புகிற கோவிந்தசாமியின் குரல் கேட்டது.

மறுநாள் காலை ஏழு மணிக்கு நாங்கள் சோமனூர் ஸ்டேஷனுக்கு நடந்தபோது, குளத்தின் கிழக்குக் கோடியில் மாராத்தாளின் வண்டிகள் மண் ஏற்றிக்கொண்டிருந்தன. வாய்க்கால் முகத்துக்கு வெகு தொலைவில், சாம்பல் நிறத்தில், மெலிந்த மண். அதையும் ஆணி போட்டுப் பார்த்தாயிற்று, ஆணி வெள்ளையாகவே வெளிவந்தது. மெலிந்த மண் என்றால் அதிகம் வேண்டும், வண்டி நடை கூடும். "கூடட்டுமுங்க, மாடு சும்மாத்தான நிக்குது" என்று கையசைத்தார். வெங்கடசாமி அங்கே ஒரு வண்டிக்கு மண் வெட்டிக்கொண்டிருந்தார்.

ஈரோடு தாண்டி ரயில் கிழக்கே திரும்பியபோது எங்கள் ஊரை நினைத்தேன். எங்கள் கடலடிச் சேற்றில் யாருக்கும் தோட்டம் இல்லை. மஞ்சள் நட நாள் பார்த்து நிற்கிறவர் இல்லை. அதனால் மேலேயிருந்து கொடுத்தனுப்புகிறவர் வாசலுக்கு ஒரு வண்டியும் இதுவரை திரும்பியதில்லை. ஆனால் அந்தச் சேற்றின் மேல்தான் எங்கள் மீன் மேய்கிறது, அந்த மீனைத்தான் எங்கள் தெருக்கள் உண்கின்றன. கட்டுமரக்காரர்களிடம் இனிச் சேறு மட்டும் கேட்டால் போதாது. அவர்களையே இந்த ரயிலில் ஏற்றி அழைத்து வர வேண்டும். பாட்டில்களைப் பார்த்தால் யாரும் பதில் சொல்ல வேண்டியதில்லை. ஆட்கள் வாசலில் வந்து நின்றால் சொல்லித்தான் ஆக வேண்டும்.

சுந்தரத்திடம் சொன்னேன். "எத்தனை பேர் வருவார்கள், மச்சான்?" என்றார்.

வருவார்கள். நான் கூப்பிடுகிறேன்.