மலைக்குக் காவல்

என் வேலை என்னவென்று நாங்கள் இருந்த லண்டன் ஹரோவில் யார் கேட்டாலும் அம்மா "கம்ப்யூட்டர்" என்று சொல்லி முடித்துவிடுவாள். எண்பதுகளின் கடைசியில் அந்தச் சொல்லுக்கு அப்படி ஒரு மரியாதை. கேட்டவர் மேற்கொண்டு எதுவும் கேட்க மாட்டார். கேட்டால் தனக்குத் தெரியாதது வெளியே தெரிந்துவிடுமே.

உண்மையில் நான் பார்த்தது எரிமலை. அதுவும் லண்டனில் உட்கார்ந்துகொண்டு. கரீபியன் கடலில் ஒரு சின்னத் தீவு. அதன் நடுவே நெடுங்காலம் தூங்கிய ஒரு மலை. மலைச்சரிவில் நாலைந்து இடங்களில் அதிர்வுமானிகளைப் புதைத்து வைத்திருந்தார்கள். அவை பதிந்த காகிதச் சுருள்கள் விமானத் தபாலில் எங்கள் பல்கலைக்கழகத்துக்கு வரும். நான் பூதக்கண்ணாடியோடு குனிந்து, மனிதக் காலுக்கு உறைக்காத குட்டி நடுக்கங்களை எண்ணுவேன். பாறை உடையும்போது கோடு சட்டென்று துள்ளி அடங்கும். உள்ளே நெருப்புக் குழம்பு நகரும்போது மெதுவாக, நீளமாக ஆடும். முதலாவது கூடினால் கவனம். இரண்டாவதும் சேர்ந்துகொண்டு, எல்லாமே நிலமட்டத்தை நோக்கி ஏறி வந்தால் ஊரைக் கிளப்ப வேண்டும். இவ்வளவுதான் என் விஞ்ஞானம். அப்பா இதை இன்னும் சுருக்கிவிட்டார்: "லண்டனுக்கு வந்து படிச்சுப்போட்டு மலைக்குக் காவல்."

அந்த வருடம் மலை புரண்டு படுக்கத் தொடங்கியது. நடுக்கங்கள் கிழமைக்குக் கிழமை கூடின. தபால் வந்து சேரும்வரை மலை பொறுத்திருக்குமா என்று கடைசியில் பேராசிரியருக்கே சந்தேகம் வந்துவிட்டது. தீவிலேயே இருந்து பார்க்க ஒரு ஆள் வேண்டும், ஒரு வருடத்துக்குப் போகிறாயா என்று என்னைக் கேட்டார். எனக்கு அப்போதே பெட்டி கட்ட வேண்டும் போலிருந்தது. வீட்டில் கேட்டுவிட்டுத் திங்கட்கிழமை பதில் சொல்கிறேன் என்றேன். முப்பதை எட்டிப் பார்க்கும் ஒருத்தி இதை வீட்டில் கேட்க வேண்டும் என்பது அவருக்கு எரிமலையை விடப் பெரிய புதிராக இருந்தது.

வீட்டிலோ அதற்குள் வேறு ஏற்பாடு. கிழக்கு லண்டனில் பார்க்கிங் என்ற ஊரில் ஒரு கணக்காளர், நல்ல குடும்பம், சாதகப் பொருத்தமும் பார்த்தாயிற்று. வெள்ளிக்கிழமை ஆர்ச்வே முருகன் கோயிலில் இரண்டு குடும்பமும் தற்செயலாகச் சந்திப்பதாக முடிவாகியிருந்தது. எங்கள் ஆட்களின் தற்செயலைப் பற்றித் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: எத்தனை மணிக்கு, எந்த வாசலில், பெண்ணுக்கு என்ன நிறச் சேலை, எல்லாம் ரெலிபோனில் பேசி முடித்த பிறகுதான் அது நடக்கும். பிடிக்காவிட்டால் கும்பிடத்தானே போனோம் என்று இரு பக்கமும் மானத்தோடு வீடு திரும்பலாம்.

நான் தீவுக் கதையை எடுத்ததும், "மலையைப் பற்றி வாய் திறக்காதை," என்றாள் அம்மா. "கலியாணம் முடியட்டும், பிறகு ஆறுதலாச் சொல்லுவம்."

பூசை முடிந்ததும் தற்செயல் நடந்தது. "அட, நீங்களும் வந்தனீங்களோ?" என்று மாப்பிள்ளையின் தாய் வியந்தார். அம்மா அதைவிட வியந்தாள். பிறகு அவர் என் பக்கம் திரும்பினார்.

"பிள்ளை கம்ப்யூட்டரிலை என்ன செய்யிறியள்?"

எனக்குப் பொய் வராது. வந்தாலும் பாதியில் கோபம் வந்துவிடும். "எரிமலை பாக்கிறன் அன்ரி," என்றேன். அம்மா என் முழங்கையில் கிள்ளினாள்.

"அப்ப அது எப்ப வெடிக்கும் எண்டு சொல்லுவியளோ?"

"திகதி சொல்ல ஏலாது அன்ரி. சின்னச் சின்ன நடுக்கத்தை எண்ணி, கூடுதோ குறையுதோ எண்டு பாக்கிறது."

"எங்கட சாத்திரியார் திகதி, மணி எல்லாம் சொல்லுவார்," என்றார் அவர், பரிவோடு. இவ்வளவு படித்தும் இந்தப் பிள்ளைக்கு ஒரு திகதி வரவில்லையே என்ற பரிவு. பிறகு அம்மாவைப் பார்த்துச் சிரித்தார். "பரவாயில்லை. கலியாணத்தோட வேலையை விட்டிடுவா எண்டு அப்பா ரெலிபோனிலை சொன்னவர்தானே."

நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் மூலஸ்தானத்தைப் பார்த்துக் கண்ணை மூடிக் கும்பிட்டார். அவ்வளவு பக்தியாக அவரை அதற்கு முன் நான் கண்டதே இல்லை. எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. என் வேலையை, என்னை ஒரு வார்த்தை கேட்காமல், யாருக்கோ கொடுத்துவிட்டு வந்து நின்று கும்பிடுகிறார்.

"நான் வேலையை விடமாட்டன் அன்ரி. அடுத்த மாதம் அந்தத் தீவுக்குப் போறன். ஒரு வருசத்துக்கு."

மாப்பிள்ளை அதுவரை வாய் திறக்கவில்லை. இப்போது கவலையோடு என்னைப் பார்த்து, "அங்கை போறவைக்கு இன்ஷூரன்ஸ் இருக்கோ?" என்று கேட்டார். அன்றைக்கு என் உயிரைப் பற்றி யோசித்தவர் அவர் ஒருவர்தான். அதற்காக அவர்மேல் எனக்கு இன்றும் மரியாதை உண்டு. "அப்ப நாங்கள் கும்பிட்டிட்டு வெளிக்கிடப்போறம்," என்று அவரின் தாய் எல்லோரையும் கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

கிங்ஸ் குரொஸில் மாறி நாங்கள் மூவரும் மெற்றோபொலிற்றன் ரயிலில் ஏறினோம். ஏறியதும் அம்மா, "இனி ஆர் எங்களைத் தேடி வருவினம்?" என்று முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். கோயிலில் நான் பேசியது வெறும் வாய்ச்சவடால். அப்பா போகக் கூடாது என்று ஒரு சொல் சொன்னால் அதை மீறிப் போகிற துணிவு என்னிடம் இல்லை. அது அப்பாவுக்கும் தெரியும்.

வெம்பிளி பார்க் தாண்டியபோது அவர் வாய் திறந்தார்.

"உந்த நடுக்கம், அங்கை இருக்கிற சனத்துக்கு விளங்காதோ?"

"விளங்காது அப்பா. அவ்வளவு சின்னன்."

"உனக்கு விளங்கும்."

"ஓம். கருவியிலை தெரியும்."

"தெரிஞ்சால்?"

"சொல்லுவம். சனம் சாமான் சட்டுகளை எடுத்துக்கொண்டு வெளிக்கிடும்."

எண்பத்து மூன்று கலவரத்தில் கொழும்பில் எங்கள் வீட்டுக்கு நெருப்பு வைத்த அன்று, அப்பா இடுப்பில் கட்டியிருந்த சாரத்தோடு, அம்மா வெறுங்காலோடு, பின்மதில் ஏறிக் குதித்துத்தான் உயிர் தப்பினோம். லண்டன் வந்த பிறகு அதைப் பற்றி அவர் ஒரு நாளும் பேசியதில்லை.

"எங்களுக்கு ஒருத்தரும் சொல்லேல்லை," என்றார். பிறகு, "நீ போயிட்டு வா, பிள்ளை."