அப்பாவுக்கு எதிராக ஒரு கேவியட்

எனக்குத் தெரிந்த முதல் லத்தீன் வார்த்தை கேவியட். பத்து வயதில் அதைக் கற்றுக்கொண்ட கையோடு அப்பாவின் மீதே மனுப் போட்டேன்.

அப்பா குன்னூரில் ஒரு வக்கீலிடம் குமாஸ்தாவாக இருந்தார். அம்மா இறந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. பள்ளிக்கூடம் விட்டு வந்து, நானே பூட்டைத் திறந்து, விளக்கைப் போட்டு, அப்பா வரும்வரை கம்பளியைப் போர்த்திக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருப்பேன். பனிமூட்டம் இறங்கிவிட்டால் பக்கத்து வீடுகூடத் தெரியாது. சுவரோடு பேசுவேன். சுவர் நல்ல சுபாவம், எதிர்த்துப் பேசாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கோயம்புத்தூர் அத்தை வந்தார். என்னைத் தன் வீட்டுக்கு அனுப்பச் சொன்னார். புதுப் பள்ளிக்கூடம், யூனிஃபார்ம், பஸ் எல்லாம் பேசினார்கள். அதே அறையில்தான் நான் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தேன். ஒருவரும் என் பக்கம் திரும்பவில்லை. அது எனக்கு வலித்தது.

சனிக்கிழமைகளில் அப்பாவோடு ஆபீசுக்குப் போவது வழக்கம். அந்தச் சனிக்கிழமை அவர் ஒரு கட்சிக்காரருக்கு விளக்கிக்கொண்டிருந்தார்.

"கேவியட் போட்டு வெச்சுட்டா, உங்களக் கேக்காம கோர்ட்டு ஆர்டர் போடாதுங்க. லத்தீன் வார்த்தைங்க அது. 'ஜாக்கிரதையா இருக்கட்டும்'னு அர்த்தம். எதிர்த்தரப்புக்கு ஒரு காப்பியப் பதிவுத் தபால்ல அனுப்பிப் போடோணும்."

அந்த மொழியைப் பேச இன்று ஓர் ஊர்கூட இல்லையாம். இந்த வினைச்சொல் மட்டும் எப்படியோ தப்பித்து, கடல் தாண்டி, மலையேறி, எனக்காகவே குன்னூருக்கு வந்துவிட்டதாக நினைத்தேன்.

ஆபீஸ் தாள் ஒன்றில் எழுதினேன். மனுதாரர் நான், எதிர்மனுதாரர் அப்பா. என்னைக் கேட்காமல் என்னை எங்கும் அனுப்பக் கூடாது. கோர்ட்டு ஸ்டாம்பு ஒட்டவேண்டிய இடத்தில், அம்மா கண்ணாடியில் ஒட்டிவைத்திருந்த பொட்டு ஒன்றைப் பிய்த்து ஒட்டினேன். பொங்கல் காசைக் கொடுத்து, அப்பாவின் ஆபீஸ் விலாசத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். எந்தக் கோர்ட்டில் போடுவது என்று தெரியாததால் அதை விட்டுவிட்டேன். எங்கள் வீட்டில் ஜட்ஜும் அப்பாதான் என்பது அப்போது உறைக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை அப்பா சீக்கிரமே வந்துவிட்டார். கையில் என் மனு. அந்தப் பொட்டையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். அவரோ பாயை விரித்து எதிரில் உட்கார்ந்து, "மனுதாரர் சொல்லுங்க" என்றார்.

"நான் போகலீங்கப்பா."

"தனியா இருக்கப் பயமா இல்லியா கண்ணு?"

"இல்லீங்கப்பா."

பச்சைப் பொய். அப்பா பேனாவை எடுத்து, 'மனுதாரர் தரப்பு கேட்கப்பட்டது' என்று மனுவின் அடியில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். ஜெயித்துவிட்டோம் என்று அன்று நிம்மதியாகத் தூங்கினேன்.

ஜூன் மாதம் என்னைக் கோயம்புத்தூர் பஸ்ஸில் ஏற்றிவிட்டார். மலை இறங்கும்வரை அப்பா ஏமாற்றிவிட்டார் என்று அழுதேன். கேவியட் தீர்ப்பைத் தடுக்காது, நம்மைக் கேட்டுவிட்டுத் தீர்ப்புச் சொல்லவைக்கும், அவ்வளவுதான் என்பது வெகுகாலம் கழித்தே தெரிந்தது. அப்பா சட்டப்படிதான் நடந்திருக்கிறார்.

ஆனால் அன்றைக்குக் கையெழுத்துப் போட்ட பிறகும் அவர் பாயிலிருந்து எழுந்திருக்கவில்லை. நான் இன்னும் ஏதாவது சொல்வேன் என்பதுபோல் பேனாவை மூடாமல் உட்கார்ந்திருந்தார். நான் போய்விட்டால் அந்த வீட்டில் நீங்கள் என்ன செய்வீர்கள் என்று அவரைக் கேட்க எனக்குத் தோன்றவில்லை.