நாற்பத்தோராம் பக்கம்

அந்த பஸ் டிக்கெட் இன்னும் நாற்பத்தோராம் பக்கத்தில்தான் இருக்கிறது. எழுத்தெல்லாம் வெளுத்துவிட்டது. எங்கிருந்து எங்கே என்று அதைப் பார்த்துச் சொல்ல முடியாது. எனக்குத் தெரியும்: பூந்தமல்லியிலிருந்து அம்பத்தூர் எஸ்டேட்.

புத்தகம், நிகழ்முறைத் தத்துவத்துக்கு ஓர் அறிமுகம். நடைபாதைக் கடையில் நான் எடுத்தது. உலகம் பொருள்களால் ஆனதல்ல, நிகழ்வுகளால் ஆனது. மலைகூட மிக மெதுவாக நடந்துகொண்டிருக்கும் ஒரு நிகழ்ச்சி என்றது முதல் பக்கம். கவிதை எழுதித் திரிந்த எனக்கு அது சுருக்கென்று ஏறியது. தனியாகப் படித்தால் பாதியில் விட்டுவிடுவேன் என்று, எங்கள் தொழிற்சாலையில் இரும்புத் தகடு அழுத்தும் பிரஸ் மெஷின் ஓட்டிய பாரிவாக்கத்து நண்பனைக் கூட்டுச் சேர்த்துக்கொண்டேன். வேலைக்குப் போகும் பஸ்ஸில் ஒருவர் படிக்க மற்றவர் கேட்க வேண்டும். இருவருக்கும் புரிந்தால்தான் பக்கம் திருப்பலாம் என்பது அவன் போட்ட சட்டம். ஒரே பக்கத்தில் ஒரு வாரம் கிடந்ததும் உண்டு. கடைசியாக நாங்கள் படித்த நாற்பத்தோராம் பக்கம், ஒவ்வொரு கணமும் மனிதன் புதிதாக உண்டாகிறான் என்றது.

"மலையே ஓடினுகீதுன்னா, நம்ம பஸ் மட்டும் இன்னாத்துக்கு மச்சான் நின்னுகினுகீது?" என்பான் சென்னீர்குப்பம் நெரிசலில். முன்சீட்டுக்காரர் திரும்பிப் பார்ப்பார்.

ஒருநாள் அவன் மெஷினில் பிரேக் சரியாகப் பிடிக்கவில்லை. என்னை வைத்துக்கொண்டுதான் மேனேஜரிடம் சொன்னான். "இந்த லோடு முடியட்டும்" என்றார் அவர். மறுநாள் தகடு அடிக்கும் அச்சு இரண்டாக உடைந்தது. கவனக்குறைவு என்று அவன்மேல் விசாரணை. வேலை போகிற விஷயம். "நீ கேட்டத மட்டும் சொல்லு, போதும்" என்றான். சொல்கிறேன் என்று பஸ் கம்பியைப் பிடித்தபடி வாக்குக் கொடுத்தேன். விசாரணை அறையில் மேனேஜர் என்னை ஒரே ஒருமுறை பார்த்தார். மெஷின் சத்தத்தில் எதுவும் காதில் விழவில்லை என்றேன்.

கேட்டருகே காத்திருந்தான். மன்னிப்புக் கேட்டிருக்கலாம். நான் சிரித்துக்கொண்டே சொன்னேன்: "நேத்து உன்கிட்ட சொன்னவன் வேற, இன்னிக்கு உள்ள போனவன் வேற. புக்குல அப்படித்தானே போட்டிருக்கு."

அவனும் சிரித்தான். "சரி மாமே. அப்ப இன்னிக்கு உன் ஊட்டுக்குப் போறது எவன்?"

புத்தகத்தை என் பையில் செருகிவிட்டு நடந்தான். அடுத்த நாள் பஸ்ஸில் அவன் இல்லை.

போன வாரம், ஐயப்பன்தாங்கல் ஃபிளாட்டில் அட்டைப்பெட்டிகளைக் கிளறும்போது புத்தகம் அகப்பட்டது. நின்றபடியே நாற்பத்திரண்டாம் பக்கத்தைப் பார்த்தேன். கடந்த கணம் தொலைந்துபோவதில்லை என்று இருந்தது. அடுத்த கணம் அதை உள்ளே வாங்கிக்கொண்டுதான் உண்டாகிறதாம். அப்படியென்றால் விசாரணை அறையில் வாய் திறந்தவனுக்குள் பஸ் கம்பியைப் பிடித்திருந்தவனும் இருந்திருக்கிறான். அன்று ஒரு தாளைத் திருப்பியிருந்தால் இது கண்ணில் பட்டிருக்கும். ஒரே ஒரு தாள்.

அந்தப் பக்கத்தைப் படிக்காமலே கேட்டருகில் நின்றவனுக்குப் புரிந்திருந்தது. எனக்குத்தான் இத்தனை வருடம். பாரிவாக்கம் இங்கிருந்து ஒன்றும் தூரமில்லை. போகவில்லை.

அவன் சட்டப்படி, இப்போது பக்கத்தைத் திருப்பலாம். டிக்கெட்டை எடுக்கக் கை வரவில்லை.