முன் அச்சின் சாய்வு

ஊரில் அவருக்குப் பெயர் ரசமட்டம். நாள்காட்டி மாட்டுவதென்றாலும் ரசமட்டம் வைத்துப் பார்த்துத்தான் ஆணி அடிப்பார். பழைய ஃபோர் வீல் டிரைவ் வண்டிகளைத் தூக்கிக் கட்டுகிற மெக்கானிக். அவர் பட்டறையிலிருந்து ஒரு வண்டி கோணலாக வெளியே போனதில்லை.

அவருடைய தங்கை நாற்றுப்பண்ணை வைத்திருந்தாள். மலைப்பாதையில் செடி ஏற்றிப்போகும் பழைய வண்டியை அவளேதான் ஓட்டுவாள். அடிப்பாகம் கல்லில் தட்டுகிறது, இரண்டு அங்குலம் தூக்கிக் கொடுங்கள் என்று கேட்டார் அவள் கணவர். வண்டியைத் தாங்கும் வில்பட்டைகளில் வளைவு கூடின புதுசு வர ஒரு மாதம் ஆகும்.

"அதுவரைக்கும் செடியெல்லாம் நடந்தா போகும், மச்சான்?"

ரசமட்டம் மசிந்தார். பழைய பட்டைகளையே விட்டுவிட்டு, அவற்றின் முனையைச் சட்டத்தோடு தொங்கவிடும் ஷாக்கிளை மட்டும் நீளமாகப் போட்டார். நான்கு மூலையும் ஒரே உயரத்தில் நின்றன. ஆனால் ஓட்டிப் பார்த்தபோது, திருப்பிய ஸ்டீயரிங் தானாக நேருக்கு வரவில்லை. கைக்குப் புரிந்துவிட்டது: முன் அச்சு முன்னால் சாய்ந்திருக்கிறது. பட்டைக்கு அடியில் ஆப்பு வைத்து நிமிர்த்த வேண்டும். அதற்கு எல்லாவற்றையும் மறுபடி அவிழ்க்க வேண்டும்.

"புதுசாத் தூக்கின வண்டிம்மா. பழகப் பழகச் சரியாயிடும்" என்று தங்கையிடம் சாவியை நீட்டிவிட்டார்.

அடுத்தடுத்த ஞாயிறுகளில் தங்கை வீட்டில் சாப்பாடு. ஸ்டீயரிங்கையே தொட்டறியாத அவள் கணவருக்கு வாய் மட்டும் நீளம்.

"வண்டி நேராத்தான் போகுதாம், ரோடுதான் நெளியுதாம். உங்க தங்கச்சி சொல்றா மச்சான்!"

ரசமட்டமும் கூடச் சேர்ந்து சிரித்து வைப்பார்.

இந்த ஞாயிறு அவள் சாவியைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தாள். "டிரைவர் ஒருத்தரைப் பாரு. நேத்து வளைவுல எதிர்ல லாரி. வண்டி என் பேச்சைக் கேக்கல. கை வெலவெலத்துப் போச்சு. எனக்கு இனிமே ஓட்ட வராதுண்ணே."

அவர் எடுத்த கவளத்தைத் தட்டிலேயே வைத்தார்.

"உன் கையில ஒண்ணுமில்லம்மா. முன் அச்சு சாஞ்சிருக்கு. நான் செஞ்ச தப்பு."

"எப்பத் தெரியும்?"

"சாவி குடுத்த அன்னைக்கே."

அவள் கணவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவள் பார்த்த பார்வையில் அடங்கிப்போனார்.

"இவர் கேலி பண்றப்ப நீயும்தானே சிரிச்சே?"

"சிரிச்சேன்."

"எந்திரி. கையைக் கழுவு. பட்டறைக்கு நான் ஓட்டிட்டு வரேன். நீ பக்கத்துல உக்காரு."

"நான் ஓட்டறேனேம்மா..."

"உக்காருண்ணே."

மெதுவாகத்தான் ஓட்டினாள். அப்படியும் சின்னப் பள்ளம் வந்தால்கூட வண்டி ஓரத்துக்கு ஓடியது. அவள் இழுத்துப் பிடித்தாள். முன்கையில் நரம்பு புடைத்தது.

"பாரு" என்றாள்.

பட்டறை வரும்வரை அவர் ரோட்டைப் பார்க்கவில்லை. அந்தக் கைகளைத்தான் பார்த்துக்கொண்டு வந்தார்.