வாத்தியாரிடம் நான் கேட்ட பின் நம்பர்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஜெசிந்தாவைக் கண்டால் எனக்கு ஆகாது. அந்தப் பெண் என்ன பாவம் செய்தாள்? ஒன்றுமில்லை. கம்ப்யூட்டர் தெரியும், அவ்வளவுதான்.

திண்டுக்கல்லில் ஓர் ஆடிட்டர் ஆபீஸில் பதினெட்டு வருஷம் வருமான வரி ரிட்டர்ன் பாரங்களைக் கையால் நிரப்பியவன் நான். இரண்டாயிரம் பிறந்து சில வருஷங்களில் ரிட்டர்னைக் கம்ப்யூட்டரிலேயே அனுப்பும் ஈ-ஃபைலிங் வந்தது. கூடவே இவளும் வந்தாள். காலையில் உள்ளே நுழைந்ததும் "முருகேசா" என்று கூப்பிடும் ஆடிட்டர், "ஜெசிந்தாம்மா" என்று கூப்பிட ஆரம்பித்தார். கம்ப்யூட்டர் சூடாகக் கூடாதென்று அவள் அறைக்கு ஏசி. எனக்கு லொடலொடக்கும் ஃபேன். பேகம்பூர் தோல்கடை பாய் ரம்ஜானுக்குக் கொண்டுவந்த பிரியாணிகூட முதலில் அவள் மேஜைக்குத்தான் போனது. வயிறு எரிந்தது, சொல்வதற்கென்ன.

எங்கள் ஆபீஸில் ஒரு வழக்கம் உண்டு. வரிக் கணக்கோடு வரும் பார்ட்டிகளில் பாதிப் பேருக்கு ஈமெயில் கிடையாது. அதனால் எல்லார் ரிட்டர்னிலும் ஆபீஸ் ஈமெயிலையே போட்டுவிடுவோம். யாருக்கு எது வந்தாலும் அந்த ஒரே பெட்டியில்தான் வந்து விழும்.

ஜூலை மாதம், கடைசித் தேதி நெருங்குகிற நேரம். ஜெசிந்தா சாப்பிடப் போயிருந்தாள். அவள் சீட்டில் உட்கார்ந்து மெயிலைத் திறந்தேன். அரசாங்க முத்திரையோடு ஒன்று கிடந்தது. கட்டிய வரியில் திரும்பி வர வேண்டிய ரீஃபண்ட் தயார், இன்றைக்குள் கீழே உள்ள பாரத்தை நிரப்புங்கள் என்று இங்கிலீஷில் எழுதியிருந்தது. யார் பெயரும் இல்லை. ரீஃபண்ட் எங்கே, எங்கே என்று தினமும் கேட்டுக்கொண்டிருந்தவர் செம்பட்டி சூசை வாத்தியார் ஒருவர்தான். ஆகவே இது அவருக்குத்தான் என்று நானே முடிவு கட்டினேன். ஜெசிந்தா வாங்கிக் கொடுத்தாள் என்று பெயர் வருவதற்குள் நான் முந்திக்கொள்ள வேண்டும். புத்தி முழுக்க அதில்தான் இருந்தது.

வாத்தியாருக்குப் போன் போட்டேன்.

"சார், உங்க ரீபண்டு வந்துருச்சு. ஏடிஎம் கார்டை எடுத்து நம்பரைச் சொல்லுங்க."

"அப்பாடா! அடுத்த வாரம் வீட்டுக்குத் தளம் காங்கிரீட்டுப்பா. ரிட்டயர்மெண்டு காசு அம்புட்டும் அந்த அக்கவுண்டுலதான் கிடக்கு. இதுவும் சேந்தா நிம்மதி."

முன்பக்கத்து நம்பரை வாசித்தார். பின்பக்கத்து மூன்று எண்களையும் வாசித்தார். அடுத்தது ஏடிஎம்மில் பணம் எடுக்க அடிக்கும் ரகசிய எண். அதற்குச் செத்த நேரம் தயங்கினார்.

"பின் நம்பரு எதுக்குப்பா?"

"கவர்மெண்டு கேக்குது சார், நான் என்ன செய்ய?"

சொன்னார். எல்லாவற்றையும் பாரத்தில் அடித்து அனுப்பினேன்.

ஜெசிந்தா வந்ததும் காலாட்டிக்கொண்டே சொன்னேன், "சூசை வாத்தியார் ரீபண்டை நானே முடிச்சுட்டேன்." அவள் திரையைப் பார்த்தாள். முகம் வெளுத்துவிட்டது.

"ஐயோ அண்ணே, பின் நம்பருமா போட்டீங்க?"

"ஏன், நீ போட்டாத்தான் போகுமாக்கும்?"

அவள் உடனே வாத்தியாரைக் கூப்பிடப் போனை எடுத்தாள். "சார், ஆடிட்டர் ஆபீஸ் ஜெசிந்தா பேசுறேன். அது களவாணிப் பய மெயிலு. இப்பவே பேங்குக்கு ஓடுங்க, கார்டை நிறுத்தச் சொல்லுங்க. நானும் அங்க போன் பண்றேன்."

மாட்டிக்கொள்வோமே என்று பயந்தேன். அவள் பேங்கில் பேசிக்கொண்டிருக்கும்போதே சத்தமில்லாமல் மவுஸைப் பிடித்து அந்த மெயிலை அழிக்கப் போனேன். கையைத் தட்டிவிட்டாள்.

"அழிச்சுட்டா எதை வச்சுப் புகார் குடுக்க? இருக்கட்டும்ணே."

அதை அப்படியே பிரிண்ட் எடுத்தாள். வரித்துறைக்கும் பேங்குக்கும் அனுப்பினாள். போலீசுக்கு மனு அடிக்கும்போதுதான் கேட்டாள்.

"எப்படிண்ணே நம்புனீங்க? ரீபண்டுன்னா செக்கா தபால்ல வரும், இல்ல ரிட்டர்ன்ல குடுத்த அக்கவுண்டுல விழும், வேற ஒண்ணும் கேக்க மாட்டாங்கன்னு நீங்கதானே எனக்குச் சொன்னீங்க?"

நான்தான் சொன்னேன். இந்த ஆபீஸில் அது என்னைவிட நன்றாக யாருக்குத் தெரியும்?

சாயங்காலம் வாத்தியார் வந்தார். கார்டை நிறுத்துவதற்குள், தளத்துக்கு ஆகும் அளவுப் பணத்தை ஒரே தடவையில் எடுத்துவிட்டார்களாம். மீதி தப்பியது. மனுவில் ஜெசிந்தா, "அலுவலக ஊழியர் ஒருவர் தவறுதலாக" என்று அடித்திருந்தாள். என் பெயரையே போடச் சொல்லிக் கையெழுத்துப் போட்டேன். வாத்தியார் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

"முருகேசு, இனிமே என் பைலை அந்தப் பிள்ளைகிட்டயே குடுத்துருப்பா" என்றார்.

எடுத்துக் கொடுத்தேன். அப்போதும் எனக்கு எரிந்தது. மறைப்பானேன்.

இந்தத் தொழிலுக்கு வரும் பிள்ளைகள் கேட்டுக்கொள்ளுங்கள். பின் நம்பர் கேட்கிற மெயில், யார் முத்திரையோடு வந்தாலும் பொய். ஏமாந்துவிட்டால் அழிக்காதீர்கள், அந்த நிமிஷமே சொல்லுங்கள். அதற்கும் முன்னால், பக்கத்து சீட்டில் இருப்பவரை ஒரு வார்த்தை கேளுங்கள். அன்றைக்கு ஜெசிந்தா சாப்பிட்டு வர இன்னும் பத்து நிமிஷம் ஆகியிருக்கும். அதுவரை பொறுக்க எனக்கு மனசு வரவில்லை. அந்த வருஷ மழை முழுவதும் வாத்தியார் வீடு தளமில்லாமல் நனைந்தது.