டிராக்டர் கடையில் சிக்கனம் புகுந்த கதை

டிராக்டர் விற்பதுகூடச் சுலபம். டிராக்டர் விற்கிற முதலாளியிடம் ஒரு டீ வாங்கிக் குடிப்பதுதான் கஷ்டம். கள்ளக்குறிச்சியில் அப்படி ஒரு ஷோரூமில் நான் மேனேஜராக இருந்தேன். எங்கள் முதலாளி சேலத்தில் வியாபாரிகளுக்காக நடந்த ஏதோ கூட்டத்துக்குப் போய்விட்டு, ஆபீஸ் செலவைப் பாதியாக்கியே தீருவது என்ற முடிவோடு திரும்பினார். உங்கள் முதலாளியும் இப்படி எங்காவது போய் வந்திருந்தால், என் கஷ்டம் உங்களுக்குப் புரியும்.

ஃபேன்

முதல் உத்தரவு: வாடிக்கையாளர் உட்கார்ந்திருந்தால் மட்டும் ஃபேன் ஓடலாம். அப்போது சித்திரை மாதம். வடக்கனந்தல் விவசாயி ஒருவர் ஒரே ஒரு போல்ட்டு வாங்க வந்தார். உட்கார வைத்து ஃபேனைப் போட்டோம். போல்ட்டை வாங்கிக்கொண்டு எழுந்தவரை அனுப்ப எங்களுக்கு மனம் வரவில்லை. நான் மழையைப் பற்றி விசாரித்தேன். சேல்ஸ்மேன் முருகன் கரும்பைப் பற்றி விசாரித்தான். கரும்பு முடிந்ததும் மாடு, மாடு முடிந்ததும் அவர் மகள் கல்யாணம். கடைசியில் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுத்தான் தப்பித்தார். வாசலில் நின்று சொன்னார்:

"ஒரு போல்ட்டுக்கே இவ்ளோ மரியாதையா? எம் மச்சான் வூட்லகூட இப்டி உக்காரு உக்காருன்னு சொன்னதில்லீங்க."

மிஸ்டு கால்

அடுத்தது போன். நாம் யாரையும் கூப்பிடக் கூடாது, மிஸ்டு கால் கொடுத்தால் அவர்களே கூப்பிடுவார்கள் என்றார் முதலாளி. கல்வராயன் மலையில், வெள்ளிமலைப் பக்கம் எங்களுக்கு ஒரு வாடிக்கையாளர் உண்டு. அவர் வீட்டில் போன் மணி அடிக்கும், பேச்சு கேட்காது. பேச வேண்டுமென்றால் பக்கத்து மேட்டில் ஏற வேண்டும். மிஸ்டு கால் கொடுத்தேன். சற்று நேரத்தில் மூச்சிரைக்க அவரே கூப்பிட்டார். என்னவோ ஏதோ என்று ஓடி வந்திருக்கிறார். வண்டியைச் சர்வீசுக்கு விட வேண்டும் என்று ஞாபகப்படுத்தினேன். மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னார்:

"வண்டி நல்லாத்தாங்க இருக்குது. மொதல்ல எம் முட்டிக்கு சர்வீஸ் பண்ணிக் குடுங்க."

முதலாளியின் முறை

மூன்றாவது உத்தரவில் சிரிக்க ஒன்றுமில்லை. பெருக்கித் துடைக்க வந்துகொண்டிருந்த அஞ்சலையம்மாவை நிறுத்திவிட்டார். "நா இன்னா தப்பு பண்ணேன்?" என்று அந்த அம்மா கேட்டபோது நாங்கள் எல்லோரும் தரையைப் பார்த்தோம். அதற்குப் பிறகு தரையை நாங்களேதான் முறை போட்டுப் பெருக்கினோம். முதலாளி நியாயஸ்தர், திங்கட்கிழமையை அவர் எடுத்துக்கொண்டார்.

ஒரு திங்கட்கிழமை, புது டிராக்டர் எடுக்கச் சங்கராபுரத்திலிருந்து ஒரு பெரியவர் மகனோடு வந்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குனிந்து பெருக்கிக்கொண்டிருந்தவரிடம், "ஓனர் இல்லியாப்பா?" என்றார். "நான்தாங்க ஓனர்" என்று நிமிர்ந்தார் முதலாளி. பெரியவர் அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு மகன் பக்கம் திரும்பினார்:

"வாடா, எதிர் கடைக்குப் போலாம். பெருக்கவே ஆளு இல்ல, நாளிக்கி வண்டி நின்னா யாரு வந்து பாப்பாங்க?"

அஞ்சலையம்மா

அன்று சாயங்காலமே முதலாளி தன் பைக்கில் அஞ்சலையம்மா வீட்டுக்குப் போய்க் கூப்பிட்டுவிட்டு வந்தார். மறுநாள் காலை அந்த அம்மா வந்தார். மூலையில் கிடந்த, தேய்ந்துபோன துடைப்பத்தை எடுத்து முதலாளி மேஜைக்கு எதிரே தூக்கிப் பிடித்தார்.

"இத்த வெச்சிகினு இன்னாத்த பெருக்கறது? புதுசா ரெண்டு வாங்கியாரச் சொல்லுங்க மொதலாளி."

செலவைக் குறைப்பதில் எனக்கு ஒரு ஆட்சேபணையும் இல்லை, அதற்கு ஆகிற செலவைத்தான் தாங்க முடியவில்லை.